பழைய பதிவேட்டை மூடும் தேதி: தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிர்வாகச் சீர்திருத்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் தொடக்க விழாக்கள் புதிதல்ல. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் 2023 ஜூலை 24 அன்று தொப்பூரில் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூலை 11 அன்று, ஊரகப் பகுதிகளுக்கான ‘மக்களுடன் முதல்வர்’ பாளையம்புதூரில் ஆரம்பமானது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, 1989-ல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலாக உருவானதும் அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். பந்தல் பிரித்த பிறகு, அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் என்ன நடக்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தேர்வாணையத் தேர்வு எழுதி முதல் பணியிடமாக இங்கே வந்திருக்கலாம். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் வந்திருக்கலாம். மென்பொருள் நிறுவனத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளராகவோ தொண்டு நிறுவனப் பணியாளராகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் உங்கள் கையில் ஒரு அரசாணையைக் கொடுத்து, “இதை மாவட்டத்தில் நடைமுறைப்படுத்துங்கள்” என்றிருப்பார்கள். எதிர்ப்பு வரும், அரசியல் தலையீடு வரும், ஊழல் தடுக்கும் என்று பயந்துகொண்டு வந்திருப்பீர்கள். அதெல்லாம் உண்டு. ஆனால் இங்கே பெரும்பாலான சீர்திருத்தங்கள் எதிர்ப்பால் விழுவதில்லை. புதிய முறை ஒரு பக்கம் ஓட, பழைய முறையும் நிறுத்தப்படாமல் கூடவே ஓடுவதால்தான் இளைத்துப் போகின்றன. நோட்டும் உண்டு, செல்போன் ஆப்பும் உண்டு என்றால் கடைசியில் வேலை நோட்டில் நடக்கும், கணக்கு மட்டும் ஆப்பில் ஏறும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: ஆணை எதை நிறுத்தச் சொல்கிறது என்று பாருங்கள்

அரசாணையையும் அதன் பின்னால் வந்த சுற்றறிக்கைகளையும் முழுதாகப் படியுங்கள். புதிதாக என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகவே இருக்கும். எதை விட்டுவிடலாம் என்பது பெரும்பாலும் இருக்காது. ‘விவரங்களை இணையத்தில் பதிவேற்றம் செய்ய வேண்டும்’ என்று இருக்கும். ‘இனிமேல் கைப்பதிவேடு பராமரிக்க வேண்டியதில்லை’ என்ற வரி இருக்காது.

அந்த வரி இல்லாவிட்டால் எந்த எழுத்தரும் பழைய பதிவேட்டை நிறுத்த மாட்டார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாளை உள்ளாட்சி நிதித் தணிக்கை வந்து பதிவேட்டைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபம், ஒன்று நிலுவையில் நின்றால் ஓய்வு பெறும் நாள் வரை துரத்தும். நீங்கள் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பீர்கள்.

அதனால் உங்கள் முதல் வேலை ஒரு கடிதம். இந்தப் பதிவேடு, இந்தப் படிவம், இந்த மாதாந்திர அறிக்கை, இவற்றில் எதெல்லாம் எந்தத் தேதியிலிருந்து தேவையில்லை என்று துறைத் தலைமையிடம் தெளிவுரை கேட்டு எழுத வையுங்கள். தணிக்கைப் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். பதில் வரத் தாமதமாகும். ஆனால் பதில் வராமல் மற்ற படிகளைத் தொடங்கினால் அலுவலகத்தில் எல்லோருக்கும் இரட்டை வேலை. அந்தக் கோபம் திட்டத்தின் மேல் திரும்பும்.

படி 2: ஒரு காகிதத்தின் பின்னால் நடந்து போங்கள்

திட்ட விளக்கப் படத்தில் அம்புக்குறிகள் நேராக இருக்கும். நிஜத்தில் காகிதம் எங்கே நிற்கிறது என்று பார்க்க, ஒரே ஒரு விண்ணப்பத்தைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டும்.

பட்டா மாறுதலை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் புலமும் கைமாறினால் கணினியில் வேகமாக முடிகிறது. நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்றால் உட்பிரிவு செய்ய வேண்டும். அதற்கு நில அளவர் நேரில் போய் அளக்க வேண்டும். விண்ணப்பிக்கும் வழியை எவ்வளவு எளிதாக்கினாலும், ஒரு நாளில் ஒரு நில அளவர் அளக்கக்கூடிய புலங்களின் எண்ணிக்கை மாறாது. இணையம் வந்ததும் வரிசை மறைந்தது போலத் தெரியும். உண்மையில் தாலுகா அலுவலக வாசலில் நின்ற வரிசை, நில அளவரின் பையில் போய் உட்கார்ந்திருக்கும். சான்றுகளையும் சேவைகளையும் இணையவழியில் தரும் மின் மாவட்டத் திட்டத்தைத் தமிழ்நாட்டில் முன்னோடியாகச் சோதித்த மாவட்டங்களில் கிருஷ்ணகிரியும் ஒன்று. ஆகவே இங்குள்ள பழைய ஊழியர்களுக்கு வரிசை இப்படி இடம் மாறுவது நன்றாகவே தெரியும். கேட்டால் சொல்வார்கள். பொதுவாக யாரும் கேட்பதில்லை.

சாதிச் சான்றும் அப்படித்தான். பிற்படுத்தப்பட்டோருக்கு மண்டலத் துணை வட்டாட்சியர், ஆதிதிராவிடர்களுக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளர் பிள்ளைக்கும் சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கும் சான்று தாமதமாவது சர்வர் கோளாறால் மட்டும் அல்ல. தவறாகக் கொடுத்துவிட்டால் விசாரணை நம் மேல் வருமே என்று கையெழுத்துப் போடுபவர் பயப்படுகிறார். மென்பொருளால் அந்தப் பயத்தைத் தீர்க்க முடியாது. எந்தெந்த ஆவணம் இருந்தால் தயங்காமல் கொடுக்கலாம் என்று எழுத்தில் ஒரு வழிமுறை இருந்தால் குறையும்.

இன்னொன்றும் தெரியும்: உங்கள் சீர்திருத்தம் வேறொரு துறையின் காகிதத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. களி கிண்டும் ஊரில் கேழ்வரகுக்கு வரவேற்பு இருக்குமா என்ற கேள்வியே இல்லை. ஆனால் கொள்முதல் நிலையத்தில் விற்க விவசாயிக்குச் சிட்டாவும் (நில உரிமை விவரம்) அடங்கலும் (என்ன பயிர் என்ற பதிவு) வேண்டும். அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. அவர் தேர்தல் வேலையில் இருந்தால், விவசாயி மூட்டையை வெளி வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உணவுத் துறை தன் கூட்டத்தில் என்ன பேசினாலும் அந்த அடங்கலைத் தன் மேசையிலிருந்து கொடுக்க முடியாது. இப்படி வேறு துறை நுழையும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு, அந்த அலுவலர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள்.

படி 3: யாருக்கு நஷ்டம்?

வெளிப்படையாகக் கேட்க முடியாத கேள்வி, ஆனால் கேட்காமல் விடவும் முடியாது. புரோக்கருக்கு நஷ்டம், சரி. மேசைக்கு அடியில் வாங்கிப் பழகியவருக்கும் நஷ்டம், அதுவும் சரி. தாலுகா அலுவலக மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவருக்கும் நஷ்டம். அவரைச் சட்டென்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்த மனுவை எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும், எதை இணைக்க வேண்டும் என்று கிராமத்துப் பெரியவருக்கு இதுவரை சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்த வேலையை வேறு யாராவது செய்யாவிட்டால் இ-சேவை மைய ஆபரேட்டர் அடுத்த புரோக்கர் ஆவார்.

ஊழியர்களின் பயம் வேறு வகை. கணினி வந்தால் பணியிடம் குறையும், தவறு நடந்தால் என் பெயர்தான் திரையில் நிற்கும், எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. சங்க நிர்வாகிகளை ஆணை வெளிவருவதற்கு முன்பே சந்தித்துப் பேசுங்கள். வெளிவந்த பின் பேசினால் அது சமாதானப் பேச்சாகிவிடும்.

பழையதை ஒரே நாளில் ஒழித்த உதாரணமும் நம்மிடம் உண்டு. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியக்காரர் போன்ற பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-ல் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. குடும்பச் சொத்துபோல் கைமாறிவந்த பதவி போனது நல்லதே. ஆனால் கணக்கு ஏடுகளை ஒப்படைக்கச் சொல்லலாம், எந்த வரப்பு யாருடையது, எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு என்று கர்ணத்தின் தலைக்குள் இருந்ததை ஒப்படைக்கச் சொல்ல முடியாது. உங்கள் சீர்திருத்தம் ஒருவரை நகர்த்தப்போகிறது என்றால், நகர்த்துவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து, பதிவேட்டில் இல்லாதவற்றை எழுதி வாங்குங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள்.

படி 4: நிலத்தையும் நாட்களையும் கணக்கில் எடுங்கள்

இதில் நிறைய உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டமுகிலாளம், அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை போன்ற இடங்களில் செல்போன் சிக்னலை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் பதிவுசெய்து பிறகு ஏற்றும் வசதி ஆப்பில் இருக்கிறதா என்று அந்த மலையில் நின்று சோதியுங்கள். ஆட்சியர் அலுவலக வைஃபையில் எல்லாமே வேலை செய்யும். புளி உலுக்கி, கல் உடைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. மாற்று வழி ஆணையில் இருந்தாலும் அது கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் ஏராளம். படிவம் தமிழில் இருக்கட்டும், விளக்குபவர் அவர்கள் மொழியில் பேசட்டும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கத்தில் ஆண்கள் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். ஆதாரில் பதிந்த எண் கணவரிடம் இருக்கும், ஓடிபி பெங்களூருக்குப் போகும், மனைவி இங்கே முகாமில் நிற்பார். இது ஒவ்வொரு முகாமிலும் நடக்கும். அதனால் முகாம் அறிவிப்பிலேயே ‘எந்த எண் இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த போனோடு வாருங்கள்’ என்று சொல்லிவிடுங்கள்.

மார்ச் மாதம் கருவூலத்துக்குப் பில் போடும் மாதம், யாரும் தலை நிமிர மாட்டார்கள். மே, ஜூனில் ஜமாபந்தி, அதாவது கிராம வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை. மாங்காய் பறிக்கும் காலத்தில் கிருஷ்ணகிரியில் பகல் நேரக் கூட்டத்துக்கு ஆள் வராது. தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால் புதிதாக எதையும் அறிவிக்க முடியாது. இவற்றைக் கழித்துப் பார்த்தால் ஓர் ஆண்டில் உங்களுக்குக் கிடைக்கும் காலம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவு.

அப்புறம், நம்பிக்கை. அரூர் அருகே வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து நடத்திய கொடுமைக்கு 2011-ல்தான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இந்த மலையடிவாரக் கிராமங்களில் அரசு ஜீப்பில் போய் இறங்கி, “ஆதார் கார்டு, பட்டா எல்லாம் கொண்டு வாங்க” என்றால் மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்பவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் தடவை எதையும் வாங்காமல் பேசிவிட்டு வாருங்கள். ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், குழுத் தலைவி என்று ஊர் அறிந்த ஒருவர் கூட இருக்கட்டும்.

படி 5: சோதனை ஊரைத் தேர்ந்தெடுப்பது

ஆட்சியர் அலுவலகத்திலிருந்து இருபது நிமிடத்தில் போகக்கூடிய, சுறுசுறுப்பான செயலர் உள்ள ஊராட்சியைத்தான் எல்லோரும் முன்னோடிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே எது செய்தாலும் வெற்றிதான். அதிலிருந்து நீங்கள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஒரு நல்ல ஊராட்சி, ஒரு மலை ஊராட்சி, செயலர் பணியிடம் காலியாகி வேறொருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் ஓர் ஊராட்சி, இந்த மூன்றிலும் ஒரே நேரத்தில் செய்து பாருங்கள். மூன்றாவதில் நடந்தால் மாவட்டம் முழுவதும் நடக்கும்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். 2025 ஜனவரி 5-ஓடு இந்த மாவட்டங்கள் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வேலை வேகமாக நடப்பதுபோல் தோன்றும், ஏனென்றால் மறுத்துப் பேச வார்டு உறுப்பினர் இல்லை. தெருவில் நடக்கும் தவறும் உங்கள் காதுக்கு வராது. கிராம சபை நடக்கும் ஆறு நாட்களில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) எதையாவது ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். மைக் பிடிக்காதீர்கள்.

படி 6: எண்களை நம்புவதற்கு முன்

எனக்கு இதுதான் மிகப் பெரிய ஆபத்தாகப் படுகிறது. எதிர்ப்பு கண்ணுக்குத் தெரியும். பொய்யான வெற்றி தெரியாது.

ஒரு சேவையை முப்பது நாளில் முடிக்க வேண்டும் என்று காலக்கெடு வைக்கிறீர்கள். வாரக் கூட்டத்தில் நிலுவை அதிகமுள்ள தாலுகாவை எழுப்பி நிற்க வைக்கிறார்கள். அடுத்த வாரம் நிலுவை குறைந்துவிடும். எப்படி? ஆவணம் போதவில்லை என்று நிராகரித்தாலும் கணினியில் அது ‘முடிக்கப்பட்டது’ கணக்கில்தான் சேரும். அந்த விண்ணப்பதாரர் மறுபடி பணம் கட்டி மறுபடி விண்ணப்பிப்பார். இப்போது ஒரே குறை இரண்டு சேவையாகப் பதிவாகியிருக்கும். மாவட்டத்தின் செயல்திறன் உயர்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. நிராகரிப்புகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள்: காலக்கெடு முடியும் கடைசி இரண்டு மூன்று நாட்களில் கும்பலாக இருந்தால் அவை ஆய்வுசெய்து நிராகரித்தவை அல்ல. காரணங்களைப் படியுங்கள்: வெவ்வேறு ஊர்க்காரர்களுக்கு ஒரே வாக்கியம் நகல் எடுத்து ஒட்டப்பட்டிருக்கும். பிறகு, ‘முடிக்கப்பட்டது’ என்று உள்ளவர்களில் சிலருக்கு நீங்களே போன் செய்து, கையில் என்ன கிடைத்தது என்று கேளுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்களில் ஏற்கெனவே ‘தீர்வு’ கண்டவை எத்தனை என்று பார்த்தாலும் போதும்.

கண்காணிக்கக் கொண்டுவரும் கருவியையும் ஏமாற்றலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவுக்குச் செல்போன் ஆப்பில் தினமும் இரண்டு படம் கட்டாயமானது. 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே நடந்த முறைகேடுகளைப் பட்டியல் போட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது: சம்பந்தமில்லாத படம், படத்தையே மறுபடி எடுத்த படம், பதிவில் உள்ள எண்ணிக்கைக்கும் படத்துக்கும் பொருந்தாமை, மதியப் படமே இல்லாமை. அதற்குத் தீர்வாகச் சொன்னது என்ன? படங்களை ஆட்களை வைத்துச் சரிபார்ப்பது. ஆளை நம்பாமல் ஆப், ஆப்பை நம்பாமல் மறுபடி ஆள். நடுவில் ஏரிக்கரையில் சிக்னல் தேடி அலைந்த பணித்தளப் பொறுப்பாளரை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

நிராகரிப்பை நேர்மையாகக் கையாண்ட முன்மாதிரியும் உண்டு. மகளிர் உரிமைத் தொகையில் விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்குக் குறுஞ்செய்தியில் காரணம் சொல்லி, முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழி வைத்தார்கள். உங்கள் திட்டத்தில் அப்படி ஒரு கதவு இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கதவு இல்லாத இடத்தில் மக்கள் சிபாரிசு தேடிப் போவார்கள்.

படி 7: உங்களை நம்பித் திட்டம் நடக்கக் கூடாது

ஆட்சியர் மாறுவார், நீங்களும் மாறுவீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட அறிவுறுத்தல் உங்களோடு போய்விடும். முக்கியமான ஒவ்வொரு முடிவும் அலுவலகச் செயல்முறை ஆணையாக எண்ணோடும் தேதியோடும் வெளிவரட்டும். எப்போதும் மாறாத ஆட்கள் அலுவலகத்தில் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், பெரும்பாலும் உதவியாளரோ ஒப்பந்தக் கணினி ஆபரேட்டரோ. பயிற்சியை அவர்களுக்கு முதலில் கொடுங்கள். ஒப்பந்த ஆபரேட்டரின் சம்பளம் மாதாமாதம் வருகிறதா என்றும் விசாரியுங்கள், அது நின்றால் திட்டமும் நின்றுவிடும்.

படி 8: மூடுவது

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் கறை, எலும்புப் பாதிப்பு என்று தலைமுறைகள் பட்ட பாட்டுக்கு ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையின் கடனில் காவிரி நீர் கொண்டுவரப்பட்டது, 2013-ல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்பது அளவு. காவிரி நீர் வந்து சேரும் அதே மேல்நிலைத் தொட்டியில், தண்ணீர் போதவில்லை என்று பழைய போர்வெல் நீரையும் ஏற்றினால் அந்த அளவு மறுபடி தாண்டும். குழாய் புதிது, தொட்டி புதிது, புளோரைடு மட்டும் பழையது. போர்வெல்லை நிறுத்தச் சொல்வது எளிது. ஒகேனக்கல் நீர் வராத நாளில் ஊர் என்ன குடிக்கும் என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

அலுவலகத்திலும் அதே வரிசை. புதிய முறை தடங்கலின்றி ஓடுகிறது என்று படி 6-ல் சொன்ன வழிகளில் உறுதிசெய்யுங்கள். சர்வர் நின்றால் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். பழைய பதிவேட்டின் நிலுவைகளைப் புதியதில் ஏற்றி, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எழுத்தரும் கண்காணிப்பாளரும் கையெழுத்திடட்டும். அப்புறம் ஒரு தேதி குறித்து, கடைசிப் பதிவுக்குக் கீழே குறுக்குக் கோடு போட்டு, படி 1-ல் வாங்கிய தெளிவுரையின் எண்ணை எழுதி, அலுவலர் முத்திரை வைத்து, பதிவறைக்கு அனுப்புங்கள். தேதியை அறிவிப்புப் பலகையிலும் போடுங்கள்.

அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து யாராவது பழைய படிவத்தில் அவசர அறிக்கை கேட்பார்கள். நிச்சயம் கேட்பார்கள், அதுவும் மாலை ஐந்தரைக்கு. அப்போது எழுத்தரைப் பழைய நோட்டைத் தேடவிடாமல், புதிய முறையிலிருந்தே விவரத்தை எடுத்து, தெளிவுரையின் நகலோடு சேர்த்து, உங்கள் கையெழுத்தில் அனுப்புங்கள்.